ரவுண்டு பேலரில் கயிறு சரியாகச் சுற்றாவிட்டால்: பழுதைக் கண்டறிந்து சரிசெய்யும் முழு வழிகாட்டி

சம்பா அறுவடை முடியும் தை, மாசி மாதங்களில், காவிரிப் படுகை வயல்களில் அறுவடை இயந்திரம் கொட்டிச் சென்ற வைக்கோல் வரிசைகளின் மீது அதை வாரி உருளை வடிவக் கட்டுகளாகச் சுருட்டும் ரவுண்டு பேலர்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஓட்டப்படும் இந்த இயந்திரத்தில், வைக்கோலை வாருவதிலோ சுருட்டுவதிலோ வரும் கோளாறுகளைவிடக் கயிறு சுற்றுவதில் வரும் கோளாறுகளே அதிக நேரத்தைத் தின்கின்றன. சரியாகச் சுற்றப்படாத கட்டு லாரியில் ஏற்றும்போதே பிரிந்துவிடும். பிரிந்த வைக்கோலை மீண்டும் வரிசையாகப் பரப்பி வாரும்போது அதில் பாதி துரும்பாகிவிடும்.

இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு உதிரிபாகம் எதுவும் தேவைப்படுவதில்லை. கயிற்றின் தரம், அது செல்லும் பாதை, கத்தியின் கூர், ஓட்டும் முறை ஆகிய நான்கில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. ஆனால் கட்டு அவிழ்ந்தவுடன் பலரும் முதலில் கை வைப்பது கயிற்றின் இழுவிசை ஸ்பிரிங்கை இறுக்கும் நட்டில்தான். அப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களைத் திருகிவிட்டால், உண்மையான பழுது எது, நாமே உண்டாக்கிய பழுது எது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். ஆகவே, இயந்திரத்தின் அமைப்புகளை மாற்றுவதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்வதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

கயிறு சுற்றும் முறையைப் புரிந்துகொள்ளுதல்

ரவுண்டு பேலர் முடிச்சுப் போடுவதில்லை. சதுரக் கட்டு இயந்திரத்தில் முடிச்சுப் போடுவதற்கென்று தனிப் பொறி உண்டு. இதிலோ கயிறு கட்டின் மேல் பலமுறை சுற்றி, தன் உராய்வாலும் வைக்கோலின் பிடியாலும் மட்டுமே நிற்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பல பழுதுகளின் காரணம் தானாகவே விளங்கும்.

வைக்கோல் சுருளும் அறை நிரம்பியதும் கயிற்றுக் கை, அதாவது கயிற்றை முனையில் தொங்கவிட்டபடி கட்டின் அகலம் முழுவதும் நகரும் குழல், தன் வேலையைத் தொடங்குகிறது. தொங்கும் நுனியை உள்ளே போய்க்கொண்டிருக்கும் வைக்கோல் கவ்வி இழுத்துச் செல்கிறது. அதன் பிறகு சுழலும் கட்டே கயிற்றை இழுத்துக்கொள்கிறது. கை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்து முடிந்ததும் கத்தி கயிற்றை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட வால் கட்டின் மேல் படிந்துவிடுகிறது. ஆகவே கவ்வுதல், ஓடுதல், பரவுதல், வெட்டுதல், படிதல் என ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. பழுது இவற்றுள் ஏதோ ஒன்றில்தான் இருக்கும்.

கையை நகர்த்தும் விதம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுபடும். பல சிறிய பேலர்களில் கயிறு ஒரு படிப்புல்லியை, அதாவது வெவ்வேறு விட்டமுள்ள படிகளைக் கொண்ட புல்லியை, சுற்றிக்கொண்டு செல்கிறது. கட்டு கயிற்றை இழுக்க இழுக்க அந்தப் புல்லி சுழன்று கையை நகர்த்துகிறது. வேறு சிலவற்றில் மின் மோட்டாரோ ஹைட்ராலிக் சிலிண்டரோ அந்த வேலையைச் செய்கிறது. உங்கள் இயந்திரம் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் சொல்லப்படும் சில தீர்வுகள் வகையைப் பொறுத்து முற்றிலும் மாறும்.

எதையும் தொடுவதற்கு முன்

பி.டி.ஓ.வை, அதாவது டிராக்டரிலிருந்து பேலருக்குச் சுழல்விசை தரும் தண்டை, விடுவித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சுழலும் பாகங்கள் அனைத்தும் முழுவதுமாக நின்ற பிறகே இயந்திரத்தின் அருகில் செல்ல வேண்டும். பின்கதவைத் திறந்துவைத்து வேலை செய்வதாக இருந்தால், அதன் பூட்டு வால்வை மூடவோ தாங்குகட்டையைப் பொருத்தவோ வேண்டும். ஹைட்ராலிக் குழாய் ஒன்று வெடித்தாலும் கதவு ஒரு நொடியில் கீழே இறங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கயிறு கவ்வவில்லை என்பதற்காக, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது நுனியைக் கையால் எடுத்து வாரும் பற்களுக்குள் கொடுக்கக் கூடாது. வைக்கோலும் கயிறும் உள்ளே போகும் வேகத்துக்கு முன்னால் விரலை விடுவித்துக்கொள்ள எந்த மனிதராலும் முடியாது. உலகெங்கும் பேலர் விபத்துகளில் கையை இழந்தவர்கள் பலர் இந்த ஒரு செயலால்தான் இழந்திருக்கிறார்கள். உதவிக்கு நிற்பவர் புதியவராக இருந்தால், வேலை தொடங்கும் முன்பே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் படி: விழுந்த கட்டைப் பார்த்தல்

பழுதான கட்டை உதைத்துப் பிரித்துவிடாமல் ஒரு நிமிடம் நின்று பார்ப்பது மிகுந்த பயன் தரும். கட்டின் மேல் கயிறே இல்லையென்றால் கவ்வும் கட்டத்தில் பழுது. ஒன்றிரண்டு சுற்றுடன் கயிறு அறுந்திருந்தால் ஓடும் பாதையில் பழுது. அறுந்த நுனி நார் நாராகப் பிரிந்திருந்தால் அது இழுவையால் அறுந்தது, ஒரே சீராக இருந்தால் ஏதோ கூர்மையான விளிம்பு அறுத்தது. சுற்றுகள் அனைத்தும் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் கை நகரவில்லை. நடுப்பகுதி நன்றாக இருந்து ஓரங்கள் மட்டும் விரிந்திருந்தால் கையின் எல்லையையோ கட்டின் வடிவத்தையோ சந்தேகிக்க வேண்டும். கட்டிலிருந்து நீளமான வால் தொங்கி இயந்திரத்தோடு இணைந்திருந்தால் கத்தி வேலை செய்யவில்லை. எல்லாச் சுற்றுகளும் இருந்தும் கயிறு தொளதொளவென்று இருந்தால் இழுவிசை குறைவு, அல்லது வைக்கோல் ஈரமாக இருந்தது.

ஒரே ஒரு கட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அடுத்தடுத்து மூன்று கட்டுகளில் ஒரே குறை தெரிந்தால் அது இயந்திரத்தின் குறை. மாறி மாறி வெவ்வேறு குறைகள் தெரிந்தால் பெரும்பாலும் கயிற்றிலோ வைக்கோலிலோதான் சிக்கல் இருக்கும்.

இரண்டாம் படி: கயிறு

நம் ஊரில் சிறிய பேலர்களுக்குச் சணல் கயிறே பரவலாகப் பயன்படுகிறது. பிளாஸ்டிக் கயிறும் புழக்கத்தில் உண்டு. சணல் கயிற்றில் ஓர் உருண்டைக்குள்ளேயே தடிமன் மாறுவது பெரிய தொல்லை. தடித்த இடம் கயிறு நுழைந்து செல்லும் வளையத்தில் சிக்கும், மெலிந்த இடம் அறும். ஐந்தாறு முழம் உருவி, விரல்களுக்கிடையே ஓடவிட்டுப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். ஈரத்தில் கிடந்த சணல் உள்ளுக்குள் மக்கிப்போய், வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். இரண்டு கைகளாலும் வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடுகிறதா என்று சோதியுங்கள். சென்ற பருவத்தில் மீந்து கொட்டகையில் கிடந்த உருண்டையை எலி கடித்திருக்கவும் வாய்ப்புண்டு. பிளாஸ்டிக் கயிறு மக்காது என்றாலும் வெயிலில் கிடந்தால் நொறுங்கும் தன்மையை அடையும்.

எந்தக் கயிறு நல்லது என்ற கேள்விக்கு என் பதில் சணல்தான். பிளாஸ்டிக் வலுவானது, தடிமன் சீரானது என்பது உண்மையே. ஆனால் இந்தக் கட்டுகளில் பெரும்பகுதி மாட்டுத் தீவனமாகப் போகிறது. தீவனத்தோடு மாடு விழுங்கும் பிளாஸ்டிக் துண்டு செரிக்காமல் வயிற்றில் திரண்டு அடைப்பை உண்டாக்கும். பிளாஸ்டிக் பயன்படுத்துபவர்கள், கட்டைப் பிரிக்கும்போது கயிற்றை முழுவதுமாக உருவி எடுத்துவிடுமாறு வாங்குபவரிடம் சொல்ல வேண்டும்.

உருண்டையைப் பெட்டியில் வைக்கும் முறையும் முக்கியம். கயிற்றை உருண்டையின் உள்பக்கத்திலிருந்தே உருவ வேண்டும்; வெளிப்பக்கத்திலிருந்து உருவினால் உருண்டை பெட்டிக்குள் உருண்டு முறுக்கேறும். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று உறையில் அம்புக்குறி இருந்தால் அதன்படி வையுங்கள். இரண்டு உருண்டைகளை இணைக்கும்போது, முதல் உருண்டையின் வெளி நுனியை இரண்டாவதன் உள் நுனியோடு சேர்த்து முடிய வேண்டும். முடிச்சு தட்டையானதாக இருக்க வேண்டும்: வலது நுனியை இடதின் மேல் போட்டு ஒருமுறை, பிறகு இடதை வலதின் மேல் போட்டு மறுமுறை. இறுக்கியபின் மீந்த நுனிகளை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் கயிறு வழுக்கும் என்பதால் முடிச்சை இழுத்து உறுதிசெய்துகொள்வது அவசியம். சரியாக உருண்டை மாறும் நேரத்தில் மட்டும் கயிறு அறுகிறது என்றால், முடிச்சு வளையத்தில் சிக்குகிறது என்று பொருள்.

மூன்றாம் படி: கயிறு செல்லும் பாதை

எஞ்சின் நின்றிருக்கும் நிலையில், பெட்டியிலிருந்து கையின் நுனி வரை கயிற்றைக் கண்ணால் பின்தொடருங்கள். ஒரு வளையம் விடுபட்டிருந்தாலும், ஒரு கயிறு மற்றொன்றின் மேல் குறுக்கிட்டிருந்தாலும் போதும், நாள் முழுவதும் தொல்லைதான். பிறகு ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பல ஆயிரம் மீட்டர் கயிறு ஓடிய இரும்பு வளையத்தில் பள்ளம் விழுந்து, அதன் விளிம்பு கத்திபோல ஆகியிருக்கும். பீங்கான் வளையமாக இருந்தால் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த வளையத்தை அரத்தால் ராவிச் சமாளிப்பதைவிட மாற்றிவிடுவதே நல்லது. விலை மிகக் குறைவு.

கயிற்றை ஸ்பிரிங்கின் விசையால் அழுத்திப் பிடிக்கும் இழுவிசைத் தகடுகளின் இடையில் தூசியும் சணல் நாரும் அடைந்திருப்பது மிகச் சாதாரணமாகக் காணப்படும் குறை. ஸ்பிரிங் சரியாக இருந்தும் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதால் கயிறு தளர்ந்து ஓடும். தகட்டைப் பிரித்துத் துடைத்த பிறகு கயிற்றைக் கையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மாதிரியான தடை தெரிய வேண்டும். விட்டு விட்டு இழுத்தால் எங்கோ சிக்குகிறது. தடையே இல்லாமல் வந்தால் தகடு பிடிக்கவில்லை.

கயிற்றை முன்தள்ளும் ரப்பர் உருளை உள்ள இயந்திரங்களில் அந்த உருளையையும் பார்க்க வேண்டும். ரப்பர் வழவழப்பாகிவிட்டாலோ, கிரீஸ் பட்டிருந்தாலோ, அதை ஓட்டும் பெல்ட் தளர்ந்திருந்தாலோ கயிறு உள்ளே போகாது.

நான்காம் படி: கயிறு கவ்வவே இல்லையென்றால்

அதிகமாக எதிர்கொள்ளப்படும் பழுது இதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் நுனியின் நீளம். கையின் முனையிலிருந்து கயிறு சுமார் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை தொங்க வேண்டும். உங்கள் இயந்திரத்தின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். நுனி குட்டையாக இருந்தால் வைக்கோல் அதை எட்டிப் பிடிக்காது. முந்தைய கட்டில் கத்தி எந்த இடத்தில் வெட்டியதோ அதுவே அடுத்த கட்டின் நுனி நீளத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே முதல் கட்டு நன்றாக வந்து இரண்டாவது கட்டு கவ்வாமல் போனால், கவ்வும் இடத்தை விட்டுவிட்டுக் கத்தியின் பக்கம் பார்வையைத் திருப்புங்கள்.

இரண்டாவது, கயிறு இறங்கும் நேரத்தில் உள்ளே வைக்கோல் போய்க்கொண்டிருக்க வேண்டும். அறை நிரம்பிவிட்டதாக அறிவிப்பு வந்தவுடன் டிராக்டரை நிறுத்திவிட்டுப் பிறகு கயிற்றை இறக்கினால், நுனியைக் கவ்வ வைக்கோலே இருக்காது. சரியான முறை, கயிற்றை இறக்கிவிட்டு மெதுவாக இன்னும் ஒன்றிரண்டு மீட்டர் முன்னே சென்று, கயிறு ஓடத் தொடங்கியதைப் பார்த்த பிறகு நிறுத்துவதாகும். படிப்புல்லி உள்ள இயந்திரத்தில் அந்தப் புல்லி சுழல்வதே கயிறு ஓடுகிறது என்பதற்கான அடையாளம். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அதைப் பார்க்கும்படி அதன் முகத்தில் பளிச்சென்று ஒரு வண்ணக்கோடு இட்டுக்கொள்ளலாம். வரப்பு ஓரத்திலோ வரிசையின் முடிவிலோ அறை நிரம்பினால், கயிற்றுக்கென்று கொஞ்சம் வைக்கோலை விட்டுவைத்துத் திட்டமிட்டு ஓட்டுவது நல்லது.

மூன்றாவது, கட்டு உண்மையில் சுழல்கிறதா என்பது. அறுவடை இயந்திரத்தின் உள்ளே அடிபட்டுத் துண்டு துண்டான வைக்கோலும், உச்சி வெயிலில் காய்ந்து மொறுமொறுப்பான வைக்கோலும் அறைக்குள் கட்டைச் சுழற்றும் உருளைகளில் பிடிப்பில்லாமல் வழுக்கும். உருளை சுழலும், கட்டு நிற்கும். கட்டு சுழலாவிட்டால் கயிறு எத்தனை முயன்றாலும் ஏறாது. அப்படிப்பட்ட வைக்கோலைக் காலைப் பனி முழுவதும் விலகுவதற்குச் சற்று முன்போ மாலையிலோ கட்டுவது பலன் தரும். பகலில்தான் கட்ட வேண்டுமென்றால், வைக்கோல் அறைக்குள் சுழலும் நேரம் குறையும்படி தடித்த வரிசையில் விரைவாக ஓட்டி நிரப்புங்கள். பி.டி.ஓ. வேகம் இயந்திரத்துக்குரிய அளவில், பொதுவாக நிமிடத்துக்கு 540 சுற்றில், இருக்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சின் வேகத்தைக் குறைத்து ஓட்டும் பழக்கம் இந்தப் பழுதுக்கு நேரடிக் காரணமாகிறது. உருளைகளை ஓட்டும் சங்கிலி தளர்ந்திருந்தாலும் இதே விளைவுதான்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் கவ்வவில்லையென்றால், இழுவிசை அளவுக்கு மீறி இருக்கிறதா, குழலின் வாயில் துரும்பு அடைத்திருக்கிறதா, கை தன் தொடக்க நிலைக்கு முழுமையாக இறங்குகிறதா என்பவற்றைப் பாருங்கள். இந்த இடத்தில்தான் இழுவிசை நட்டைத் தொடலாம். அதற்கு முன் நட்டின் தற்போதைய நிலையைப் பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு அரைச் சுற்று மட்டும் திருகி, ஒரு கட்டு கட்டிப் பார்த்த பிறகே அடுத்த மாற்றத்துக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் படி: கயிறு ஓடுகிறது, ஆனால் பரவல் சரியில்லை

படிப்புல்லி வகையில், கயிற்றைப் பெரிய படியில் மாற்றினால் கை மெதுவாக நகர்ந்து சுற்றுகள் நெருக்கமாக விழும்; சிறிய படியில் மாற்றினால் விரைவாக நகர்ந்து சுற்றுகள் விலகி விழும். துண்டு வைக்கோலுக்கு நெருக்கமான சுற்றும், நீள வைக்கோலுக்கு விலகிய சுற்றும் பொருந்தும். சுற்றுகள் ஒரே இடத்தில் குவிந்தால், புல்லியில் கயிறு வழுக்குகிறது அல்லது கை ஓடும் தண்டில் தூசி இறுகியிருக்கிறது. தண்டைத் துடைத்து எண்ணெய் இடலாம். புல்லியின் மேல் மட்டும் எண்ணெய் படக் கூடாது.

மின் மோட்டார் வகையில் காரணம் வேறு. அங்கே கை தன் வேகத்தில் நகர்கிறது, கட்டு தன் வேகத்தில் சுழல்கிறது. கட்டும் நேரத்தில் எஞ்சின் வேகத்தைக் குறைத்தால் சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்து இடைவெளி கூடும். மாறாக, பேட்டரி தளர்ந்தாலோ இணைப்பு முனையில் துரு ஏறினாலோ கை மெதுவாக நகர்ந்து கயிறு வீணாகும். கயிறு வழக்கத்தைவிட விரைவாகத் தீர்கிறது என்று தோன்றினால் முதலில் மின் இணைப்பைச் சுத்தம் செய்யுங்கள்.

ஓரங்களில் கயிறு நழுவுவதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் கட்டின் விளிம்பிலிருந்து நான்கு விரற்கடையாவது உள்ளே விழ வேண்டும். அதைவிட வெளியே விழுந்தால் கயிறு நழுவிவிடும், மிகவும் உள்ளே விழுந்தால் ஓரம் விரியும். கையின் எல்லைக் கட்டையை நகர்த்தி இதைச் சரிசெய்யலாம். ஆனால் அதற்கு முன் கட்டின் வடிவத்தைப் பாருங்கள். நடுவில் பருத்து ஓரத்தில் ஒடுங்கிய கட்டின் மேல் எந்தக் கயிறும் நிற்காது. ஒல்லியான வரிசையின் நேர் மேலேயே ஓட்டிக்கொண்டு போவதால் வைக்கோல் நடுவில் மட்டும் சேர்வதே இதற்குக் காரணம். வரிசையை வாரும் பகுதியின் இடது ஓரத்தில் கொஞ்ச தூரம், வலது ஓரத்தில் கொஞ்ச தூரம் என்று மாற்றி ஓட்டினால் அறை சமமாக நிரம்பும். ஓரம் அவிழும் கட்டுகளில் பலவற்றுக்கு ஓட்டும் முறையை மாற்றுவதே போதுமான மருந்து.

ஆறாம் படி: கத்தி

மழுங்கிய கத்தி கயிற்றை வெட்டுவதில்லை, பிய்க்கிறது. பிய்ந்த நுனி பஞ்சுபோல விரிந்து அடுத்த கட்டில் குழலுக்குள் சிக்கும். கத்தியைத் தீட்டுங்கள், அல்லது திருப்பிப் பொருத்தும் வகையாக இருந்தால் மறுபக்கத்தைப் பயன்படுத்துங்கள். கத்தி எதிர்த்தகட்டோடு அகலம் முழுவதும் சேர்கிறதா, ஸ்பிரிங் அதைப் போதிய விசையுடன் அடிக்கிறதா, கை கத்தி இருக்கும் இடம்வரை வந்து சேர்கிறதா என்று பாருங்கள். கத்தி கூர்மையாக இருந்தும் வெட்டவில்லையென்றால், அந்த நேரத்தில் கயிறு தளர்ந்து தொங்குகிறது என்று பொருள். தளர்ந்த கயிற்றை எந்தக் கத்தியாலும் ஒழுங்காக வெட்ட முடியாது. அப்போது மூன்றாம் படிக்குத் திரும்பி இழுவிசைத் தகட்டைப் பாருங்கள்.

உருளையில் கயிறு சுற்றிக்கொண்டால்

தொங்கும் நுனி மிக நீளமாக இருந்தாலோ, அறையில் போதிய வைக்கோல் இல்லாதபோது கயிற்றை இறக்கினாலோ, கயிறு கட்டைவிட்டு உருளையைப் பற்றிக்கொள்ளும். இதை மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. தண்டின் ஓரத்துக்கு நகரும் கயிறு பேரிங் சீலைத் தின்று உள்ளே புகுந்து, பேரிங் சூடேறி, அருகில் படிந்திருக்கும் காய்ந்த தூசி தீப்பற்றவும் வழி செய்யும். எஞ்சினை நிறுத்தி, பின்கதவைப் பூட்டிவைத்து, கொக்கிக் கத்தியால் தண்டின் நீளவாக்கில் கீறி முழுவதுமாக எடுத்துவிடுங்கள். கயிற்றை எரித்து நீக்க முயல்வது பேராபத்து. வைக்கோல் கட்டும் டிராக்டரில் தீயணைப்பான் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

வெளியே வந்தபின் தளரும் கட்டுகள்

கட்டு நன்றாக விழுந்து, சில நாள் கழித்துக் கயிறு தளர்ந்தால் இயந்திரத்தில் குறை தேட வேண்டாம். ஈரத்தோடு கட்டப்பட்ட வைக்கோல் காய்ந்து சுருங்கியிருக்கிறது. மழைக்கிடையே அறுக்கப்படும் குறுவை வைக்கோலில் இது அடிக்கடி நேரும். தளர்வோடு பூஞ்சணமும் வரும் என்பதால், ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ் இறங்கும்வரை காத்திருப்பதே தீர்வு.

விழும்போதே வால் பிரிந்து தொங்கினால், பின்கதவு அவசரமாகத் திறக்கப்பட்டிருக்கிறது. கத்தி வெட்டிய பிறகும் கட்டு அறைக்குள் இரண்டு மூன்று முறை சுழன்றால்தான் வால் வைக்கோலோடு அழுந்திப் படியும். கட்டுக் கணக்கை ஏற்றும் அவசரத்தில் இந்தச் சில நொடிகளைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அறைக்குள் வைக்கோல் அழுத்தம் குறைவாக இருந்தாலும் கயிறு நிற்காது. மென்மையான கட்டை இறுக்கிக் கட்ட முயன்றால் கயிறு உள்ளே அமிழ்ந்து, தூக்கும்போது வடிவம் கலைந்து நழுவும். அப்படியானால் முதலில் அறையின் அழுத்த அமைப்பைக் கூட்டி, கட்டு கெட்டியாக வருகிறதா என்று உறுதிசெய்த பின்னரே கயிற்றின் இழுவிசையை மறுபடியும் பார்க்க வேண்டும்.

பருவம் முடிந்து இயந்திரத்தை நிறுத்தும்போது, கயிற்றைப் பாதையிலிருந்து முழுவதும் உருவி, மீந்த உருண்டைகளைத் தரையில் படாமல் உலர்ந்த இடத்தில் மூடிய டிரம்மில் வையுங்கள். இழுவிசை ஸ்பிரிங்கைத் தளர்த்துவதாக இருந்தால், நட்டில் நீங்கள் இட்ட பெயின்ட் குறியிலிருந்து எத்தனை சுற்று தளர்த்தினீர்கள் என்பதைப் பெட்டியின் மூடியின் உட்புறத்திலேயே எழுதிவையுங்கள். அந்தப் பருவத்தில் எந்தக் கயிற்றுக்கு எந்தப் படி, எந்த வைக்கோலுக்கு எத்தனை சுற்று பொருந்தியது என்பதையும் அதன் கீழே குறித்துவிட்டால், அடுத்த அறுவடையில் வேறொருவர் ஓட்டினாலும் முதல் கட்டிலிருந்தே சரியான அமைப்பில் தொடங்கலாம்.